காற்றை நிறுத்தியவர்

மலேசியாவின் உலு திராமில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு அவர்தான் பொறுப்பாளர். ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் பூட்ஸ், தலைக்கவசத்துக்குக் கீழே பெரிய குங்குமப் பொட்டு. யாரிடம் பேசினாலும் கண் தண்ணீரில்தான் இருக்கும்.

நான் பத்திரிகைச் செய்திக்காகப் போயிருந்த காலையில், ஆற்றில் விடும் நீரைச் சோதிக்க ஓர் அதிகாரியும் வந்து அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எப்போதும் காற்று ஊதிக் கொப்பளிக்கும் தொட்டியில் நீர் அசையாமல் கிடந்தது. மேலாளர் ஓடி வந்தார்.

“அக்கா, காத்து நின்னுருச்சு! ஆபீசர் பார்த்தா மெஷின் ரோசாக், கெட்டுப்போச்சுன்னு நினைப்பாரு லா!”

“நான்தான் நிறுத்தினேன், தம்பி.”

“திறங்க அக்கா. சோதனையில பெயிலானா ஆலையை மூடிருவாங்க.”

“கிருமியிலயும் ரெண்டு ஷிப்ட் இருக்கு. முதல் ஷிப்ட்டுக்குக் காத்து வேணும், அமோனியாவை நைட்ரேட்டா மாத்தும். அது முடிஞ்சது. ரெண்டாவது ஷிப்ட், காத்து இல்லாதப்பதான் நைட்ரேட்டை உடைச்சு நைட்ரஜனா வெளியேத்தும். இப்பத் திறந்தா நைட்ரேட் அப்படியே ஆத்துக்குப் போகும். அப்ப நிஜமாவே மூடுவாங்க.”

“சும்மா கிடக்கிற மாதிரி இருக்கே!”

“நீங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கிறதும் அப்படித்தான் இருக்கு. வேலை செய்யலையா?”

மேலாளர் சிரிக்கவில்லை. அந்த அக்கா விரல் நீட்டிய இடத்தில் கடுகளவு நைட்ரஜன் குமிழ்கள் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. அவை அடங்கிய பிறகுதான் அதிகாரியை அழைக்கச் சொன்னார்.

அதிகாரி நீரை எடுத்து அங்கேயே சோதித்து, “ஓகே லா” என்றார். மேலாளர் பெருமூச்சு விட்டார். நான் அந்த அக்காவைத் தேடினேன். முடிவைக் கேட்க அவர் நிற்கவில்லை. அடுத்த தொட்டியில் முதல் ஷிப்ட்டுக்குக் காற்றைத் திறந்துகொண்டிருந்தார்.

இருவரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு வரியும் எழுதாத எனக்கு, அவர் திரும்பிப் பாராமல் நடந்துபோனது இன்னும் வியப்புதான்.