அழிக்காமல் விட்ட பதிவு

வேண்டுமென்றேதான் அந்தப் பதிவை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். வசந்தா அக்காவிடம் நான் சொன்னது பச்சைப் பொய்!

செலண்டார் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறி, ஆளுக்கொரு திசையாகச் சிதறியபோது, லயத்து வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்த குடும்பங்களுக்காக முகநூலில் ஒரு குழு தொடங்கினேன். கஷ்டத்தை மூடி மறைக்கும் வழக்கம் லயத்தில் கிடையாது. வாசலில் நின்று சொன்னால் போதும், எல்லோரும் ஓடி வருவார்கள். குழுவிலும் அப்படியே சொன்னார்கள். எழுத வராதவர்கள் எனக்குக் குரல்பதிவு அனுப்புவார்கள். நான் எழுதிப் போடுவேன்.

பிறகு எனக்கு ஆசை பிடித்தது... யார் கேட்டாலும் சேர்த்தேன். ஆள் கூடினால் உதவியும் கூடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்ன? அந்த எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பதே எனக்குப் போதை! முகம் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள் என்று பழைய ஆட்களிடம் சொல்லவேயில்லை.

பாச்சாங் ஊருக்குக் குடிபோன எங்கள் லயத்து வசந்தா அக்காவுக்கும் அது தெரியாது. மகள் கவிதா ஒருவனோடு போய்விட்டாள், பார்த்தால் சொல்லுங்கள் என்று அழுது பேசி, படமும் அனுப்பினார். நான் அப்படியே போட்டேன்.

அதன் கீழே எத்தனை கேவலமான பேச்சுகள்... பெற்றவளையும் விடவில்லை!

அன்று மதியமே அக்கா அழைத்தார். "தம்பி, யாருப்பா இவங்கல்லாம்? நம்ம ஆளுங்க இல்லையே! எடுத்துடு லா..."

"லைன் சரியில்லைக்கா, அழிய மாட்டேங்குது" என்றேன்.

அதைப் பார்க்கத்தான் புதியவர்கள் குவிந்துகொண்டிருந்தார்கள். எப்படி அழிப்பேன்? மறுநாள்தான் அழித்தேன்.

அதற்குள் கவிதா எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். "அண்ணே, வீட்டுக்கு வரத்தான் பஸ் ஏறினேன். இதப் பாத்துட்டு எறங்கிட்டேன். இனிமே வரமாட்டேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

அதன்பிறகு அவள் எண்ணுக்கு அழைப்பே போகவில்லை.

அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை... சொன்னால், உடனே ஏன் அழிக்கவில்லை என்று கேட்பாரே! அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து என்ன பதில் சொல்வேன்? நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்களா? நான் கோழை.

நேற்று அக்கா மறுபடி அழைத்தார்.

"மானம் போனது போவட்டும் தம்பி. அந்தப் படத்தத் திரும்பப் போடு. இன்னும் நெறைய பேரச் சேத்துவிடு லா... யாரு கண்ணுலயாச்சும் அவ பட மாட்டாளா?"

"சரிக்கா" என்றேன்.