பகிர்வு வட்டமும் ஒரு கட்டு நோட்சும்

பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர்கள் தேத்தண்ணியைப் பங்கிடுவார்கள், கதிரையைப் பங்கிடுவார்கள், ஊர் வம்பைக் கேட்காமலே பங்கிடுவார்கள். நோட்சைக் கேட்டால் மட்டும் காது கேட்காது. இந்தத் தொழிலில் மாட்டுப்பட்ட உங்களுக்கு இது புதினமில்லை. சண்டைக் காலத்தில் திருகோணமலையில் புவியியல் படிப்பித்தவள் நான். பட்டதில் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டு ஆறுதல் அடையுங்கள்.

வட்டம் போட்டது

சண்டை மூண்டதும், கடலைக் கடந்து மூதூருக்கு ஆக்களை ஏற்றுகிற லோஞ்ச் படகு திடீரென்று நின்றது. லீவுக்கு மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் போன எங்கள் இறுதி வருடப் பிள்ளைகள் போன இடத்திலேயே அகப்பட்டு, மிச்ச விரிவுரைகள் எல்லாவற்றையும் தவறவிட்டார்கள். பரீட்சைத் திகதி மாறாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஒரு பாடம் தவறினாலும் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அந்த ஊர்களில் ஒரு வருடத்துக்குள் என்னென்ன நடக்கும் என்று ஆருக்குத் தெரியும்? எல்லாருடைய நோட்சையும் சேர்த்து எப்படியாவது அனுப்புவோம் என்று துறைத் தலைவரிடம் ஓடினேன்.

தலைவருக்கு நல்ல சந்தோசம். உடனே கூட்டம் வைத்தார். கூட்டத்துக்கு நோட்ஸ் வரவில்லை, பெயர்தான் வந்தது: 'கற்பித்தல் உத்திகள், வளங்கள் பகிர்வு வட்டம்'. வட்டமா மன்றமா என்று பின்னேரம் வரை அடிபட்டார்கள். பிள்ளைகளின் விசயம் என்ன சேர் என்று நான் வாய் திறந்ததும் தலைவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "பிள்ளை, வட்டத்தைப் போட்டாச்சு. உள்ளுக்கு என்ன வைக்கிறதெண்டு அடுத்த கூட்டத்திலை பார்ப்பம்."

அலுமாரிச் சாவி

வரலாறு படிப்பித்த சிரேஷ்ட விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். எல்லோரும் ஐயா என்போம். அவருடைய நோட்ஸ் இரும்பு அலுமாரிக்குள். மனுசன் மலசலகூடத்துக்குப் போனாலும் சாவியும் கூடப் போகும். விடாப்பிடியாக வாசலில் நின்றேன். "ஐயா, பிள்ளையள் அந்தரிச்சுப்போய் நிக்குதுகள். ஒருக்கால் தாங்கோ, ரோணியோ மெசினிலை பிரதி அடிச்சுப்போட்டுத் திருப்பித் தாறன்" என்றேன். சிறுநீரகத்தைக் கேட்டதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, நோட்சைத் தந்தால் பிறகு என்னை ஏன் தேடப்போறாங்கள்?"

கொழும்பு உத்தி

வட்டத்துக்குப் பயிற்சி தர கொழும்பிலிருந்து ஒரு வல்லுநர் புரொஜெக்டரும் கையுமாய் வந்து இறங்கினார். கரண்ட் இல்லை. கொண்டுவந்த கண்ணாடித் தாள்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓம், ஓம் என்றோம்.

"புவியியல் ஆர்?" என்றார். மாட்டினேன். பிள்ளைகளைத் துறைமுகக் கரைக்குக் கொண்டுபோய், பார்த்துப் படம் கீறச் சொல்லவேண்டுமாம். கள ஆய்வைப்போல உத்தி கிடையாதாம். நேவிக்காரன் துவக்கோடு நிற்கிற கரையில் இருந்து துறைமுகத்தைக் கீறினால், பிறகு தாய் தகப்பன் காம்ப் வாசலில்தான் பிள்ளையைத் தேடவேண்டும் என்றேன். மனுசன் கொஞ்சமும் அசையவில்லை. "அப்ப கண்ணை மூடிக்கொண்டு மனசிலை கீறச் சொல்லுங்கோ மிஸ். அதுக்கும் ஒரு உத்தி இருக்கு."

சிவப்பு முத்திரை

வட்டத்தின் முதல் வெளியீடு ஐயாவின் பெயரில்தான் என்று தலைவர் சொன்னதும் ஐயா இளகினார். அலுமாரி திறந்தது. அவரைப் பார்த்து மற்றவர்களும் தந்தார்கள், நானும் என்னுடையதை வைத்தேன். கட்டுகிற நேரத்தில் ஐயா ஒரு வேலை பார்த்தார். ஆராவது களவெடுத்துத் தங்கள் பெயரில் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், வினாத்தாளுக்குக் குத்துகிற 'இரகசியம்' முத்திரையை எடுத்துப் பக்கம் தவறாமல் குத்தித் தள்ளினார். மூன்று மொழியிலும் இரகசியம்.

ஆக்களை ஏற்றாமல் அரிசி, மா மட்டும் கொண்டுபோகிற லோஞ்ச் ஒன்றுக்கு அனுமதி கிடைத்திருந்தது. மூதூர் வியாபாரி ஹனீபா நானா கட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சம்மதித்தார். இறங்குதுறையில் நேவிக்காரன் கட்டை அவிழ்த்தான். முதல் பக்கத்தில் சிங்களத்தில் இரகசியம். அடுத்ததிலும் இரகசியம். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்! இது வெறும் சரித்திரப் பாடம், அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனிடம் கண்டி எப்படி விழுந்தது என்ற பாடம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். கண்டி விழுந்தது என்று கேட்டதும் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

கட்டு காம்புக்குள் போனது போனதுதான். அதற்குப் பிறகு வளாகத்திலிருந்து ஒரு கடதாசியையும் லோஞ்சில் ஏற்ற விடவில்லை. என்னை விசாரிக்க அழைத்துப் போகும்போது ஹனீபா நானா தன் மா மூட்டைகளுக்குப் பின்னால் நின்று, பாவம், மெதுவாகச் சொன்னார். "மிஸ், மாவெண்டா ஏத்துவன். ரகசியமெல்லாம் நம்மளால ஏலா."

பெறுபேறு

பரீட்சைக்குச் சற்று முன் லோஞ்ச் மறுபடி ஓடியது. வினாத்தாள்கள் எப்போதோ அச்சுக்குப் போய்விட்டன, மாற்ற ஏலாது. பிள்ளைகள் வந்தார்கள், எழுதினார்கள். திருத்தும்போதுதான் தெரிந்தது. அந்தக் கரைப் பிள்ளைகள் ஒருவர் மிச்சமில்லாமல் என் பாடத்தில் விழுந்திருந்தார்கள். ஐயாவின் பாடத்திலோ எல்லோரும் திறமாகச் சித்தியெய்தியிருந்தார்கள். வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ஐயா எழும்பி, இடர்காலத்தில் தான் கையாண்ட உத்திகள் பற்றி உரையே ஆற்றினார்; நான் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினேன்.

ஈச்சிலம்பற்று யோகமலரைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரி, வாத்தியார் வேலைக்கு அந்தப் பட்டத்தைத்தான் நம்பியிருந்தவள். கட்டு வந்து சேரவில்லையே, ஐயாவின் பாடத்தை மட்டும் எப்படிப் பிள்ளை எழுதினீர் என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் பேசினாள். "ஐயா வருசா வருசம் ஒரு சொல்லும் மாத்தாமல் சொல்லுறவர், மிஸ். ஊரிலை போன வருசச் செட் அக்கா ஒராளுக்கு அதெல்லாம் மனப்பாடம். அவ சொல்லச் சொல்ல எழுதினம். நீங்கள்தான் ஒவ்வொரு வருசமும் புதிசாப் படிப்பிக்கிறீங்கள். உங்கடையை நாங்கள் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

ஆக, புதிது புதிதாகப் படிப்பித்த என்னால் யோகமலரின் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போக, பழையதையே ஒப்புவித்த ஐயாவுக்கு அந்த வருடமே பதவி உயர்வு கிடைத்தது.