அம்மாவின் வலது முழங்கால்

எங்கள் வீட்டில் ஜேர்மன் மொழிக்குப் பொறுப்பு நான்தான். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் பதினைந்து வருஷம் இருந்தும் அம்மாவுக்குக் காலை வணக்கம் சொல்லவும், துடைத்து முடித்துவிட்டேன் என்று சொல்லவும் மட்டுமே அந்த மொழி தெரியும். விடிய நாலரைக்கு எழும்பிப் போய், அலுவலகக்காரர்கள் வந்து சேரமுன் அவர்களுடைய படிகளைக் கழுவிவிட்டு வருகிற அவவுக்கு அதற்கு மேல் யாரோடு பேச வேண்டியிருந்தது? அப்பாவிடம் தொழிற்சாலையில் பழகிய ஜேர்மன் இருந்தது. சொல்வது விளங்கும், சண்டையும் பிடிப்பார். ஆனால் கடிதம் வந்தாலும் டொக்டரைப் பார்க்க நேரம் குறித்து டெர்மின் எடுக்க வேண்டியிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை ஒன்பது வயதில் வாசித்து விளங்கப்படுத்தியவள் நான். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அம்மாவின் வலது முழங்கால் ஊரில் உடைந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடும்போது பதுங்குகுழிக்குள் விழுந்து, சரியான வைத்தியம் இல்லாமல் அது கோணலாகவே பொருந்திவிட்டது. பிறகு இந்த நாட்டில் படிப்படியாக முழந்தாளிட்டுத் தேய்த்த வேலை மிச்சத்தையும் முடித்தது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மா மாடிப்படிகளில் பின்பக்கமாகத்தான் இறங்குவா. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாக. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

அந்த வருஷம்தான் நான் வயசுக்கு வந்து பெரிய பிள்ளையானேன். அப்பா உடனே மண்டபம் பார்க்கத் தொடங்கிவிட்டார். எத்தனையோ வீட்டுச் சாமத்தியச் சடங்குகளுக்குப் போய், யார் யாருடைய மேசைகளிலோ இருந்து சாப்பிட்டவர் அவர். ஒரு நாளாவது மற்றவர்கள் வந்து எங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு மண்டபம் கிடைத்தது. மேடையில் வைக்கும் மணவறை பாரிசிலிருந்து, மாமா லண்டனிலிருந்து, பூ ஒல்லாந்திலிருந்து என்று எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அப்பாவின் ஆசை என்று மட்டும் சொன்னால் பொய். என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் மண்டப வாசலில் வந்து இறங்கியதை நான் பார்த்திருந்தேன். எனக்கும் குதிரை வேண்டும்.

ஜூன் மாதம் எலும்பு டொக்டரிடம் டெர்மின் கிடைத்தது. அதற்காக ஐந்து மாதம் காத்திருந்தோம். பெரிய டொக்டர் என்பதால் அன்று அப்பாவும் லீவு போட்டுவிட்டு வந்தார்.

டொக்டர் எக்ஸ்றேயைத் திரையில் போட்டார். பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டு, இந்த இரண்டு எலும்புக்கும் இடையில் குருத்தெலும்பு இருக்க வேண்டும், இங்கே ஒன்றுமே இல்லை, எலும்பில் எலும்பு உரசுகிறது என்றார். வயது குறைவுதான், ஆனாலும் செயற்கை மூட்டு வைப்பதுதான் வழி. தள்ளிப்போட்டால் கால் இன்னும் வளையும், பிறகு வைத்தாலும் முழுதாக மடங்காது. செப்டம்பர் தொடக்கத்தில் ஒப்பரேசனுக்கு ஓர் இடம் இருக்கிறது, மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது என்றார். இவ்வளவும் எனக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் எலும்புக்கூட்டுப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது.

நான் வாயைத் திறக்கமுன் அப்பா தமிழில் தொடங்கிவிட்டார். தேய்வு இருக்காம், வயது காணாதாம், இப்போதைக்குக் குளிசையும் பயிற்சியும் போதுமாம்.

ஒப்பரேசன் என்ற சொல் ஜேர்மனிலும் அதுதான், அது மட்டும் அம்மாவின் காதில் விழுந்திருந்தது.

"ஒப்பரேசன் எண்டெல்லோ அவர் சொன்னவர்?"

"ஒப்பரேசன் தேவையில்லை எண்டுதான் சொன்னவர்."

அம்மா அப்பாவை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினா.

"அப்பிடியே பிள்ளை?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மிரட்டவில்லை, கண் காட்டவுமில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை வற்புறுத்தினார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றுவரை ஒரு வழியும் இல்லை. செப்டம்பர் என்ற சொல்லும் குதிரையும்தான் என் தலைக்குள் இருந்தன.

"ஓம் அம்மா" என்றேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. ஒப்பரேசனுக்கு அவவுக்குப் பயம். டொக்டரிடம், மனைவி கொஞ்சம் யோசிக்க வேண்டுமாம் என்று அப்பா ஜேர்மனில் சொன்னார். டொக்டர் தோளைக் குலுக்கிவிட்டுக் குளிசை எழுதித் தந்தார். இதைக் கனகாலம் எடுக்கக் கூடாது, சிறுநீரகத்துக்குக் கூடாது என்றும் சொன்னார். அதை யாருமே மொழிபெயர்க்கவில்லை.

அம்மா மருந்துக் கடைக்குள் போனபோது காருக்குள் அப்பா பின்பக்கம் திரும்பாமலே பேசினார்.

"உன்ர சடங்கு முடியட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

சடங்கு நன்றாக நடந்தது. குதிரை கிடைக்கவில்லை, பழைய காலத்துக் கார்தான் கிடைத்தது. அம்மா கூறைச்சேலை உடுத்திக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை வாசலிலும் மேடையிலுமாக நின்றா. வீடியோவில் அவ நிற்கும் இடமெல்லாம் பக்கத்தில் ஒரு கதிரையோ தூணோ இருக்கும். ஒரு கை அதில் இருக்கும். அன்று எத்தனை குளிசை போட்டா என்று யாரும் கேட்கவில்லை. மேடைப் படியில் ஒருமுறை தடுமாறி, விழாமல் என் தோளைப் பிடித்தபோது, தலை அலங்காரம் கலைந்துவிடும் என்று நான் தோளை விலக்கினேன்.

பிறகு ஆறுதலாகச் சொல்வதற்கு நேரம் வரவேயில்லை. சொல்வதென்றால், முதலில் சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். அப்பா நத்தார்ப் பண்டிகை போகட்டும் என்றார், கோடை போகட்டும் என்றார், பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டார். நானும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இன்னொரு டொக்டரிடம் காட்டச் சொன்னால் அம்மாவே மறித்துவிடுவா. பெரிய டொக்டரே தேவையில்லை என்றவர், என்ர பிள்ளை பக்கத்தில இருந்து கேட்டது என்பா. எங்கள் பொய்க்கு அம்மாவே காவல் நின்றா.

அந்த வருஷங்களில் அம்மா என்றாலே எனக்குப் பயம். பயத்தை விட வெறுப்பு. கரண்டி கீழே விழுந்தால் கத்துவா. சிரித்தால் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்பா. பள்ளிக்கூடத்து நாடகத்தில் நான் நடித்ததைப் பார்க்க வரவில்லை. நூறு மீற்றர் நடக்க வேண்டும் என்பது காரணமாக எனக்குப் படவில்லை, என்மேல் விருப்பமில்லை என்றுதான் பட்டது. ஒருநாள் மச்சாள்மாரோடு நான் ஆடிப் பழகிக்கொண்டிருந்தபோது வானொலியின் வயரையே பிடுங்கி எறிந்தா. அவவின்ர குணம் அப்பிடி என்று அப்பாவின் ஆட்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். பதினெட்டு வயதில் வேறு நகரத்துக்குப் படிக்கப் போனபோது, விட்டது சனி என்றுதான் ரயிலில் ஏறினேன்.

எனக்கு இருபது வயதானபோது, அம்மா வேலையிடத்துப் படியில் விழுந்துவிட்டா என்று அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஒப்பரேசன் செய்யும் டொக்டர் ஒரு பெண். படத்தைக் கனநேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு வருஷமும் ஏன் வரவில்லை என்று கேட்டா. பழக்கத்தில் நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"அப்ப தேவையில்லை எண்டெல்லோ சொன்னவை" என்றா அம்மா. "சொல்லு பிள்ளை."

அப்பா அறைக்குள் வரவில்லை. தாழ்வாரத்தில் நின்றார். நான் அதை நல்ல ஜேர்மனில், வேற்றுமை உருபு ஒன்றும் பிழைக்காமல் சொன்னேன். எந்த டொக்டர் அப்படிச் சொன்னது என்று அந்தப் பெண் கோபமாகக் கேட்டா. பெயர் ஞாபகமில்லை என்றேன்.

புது மூட்டு வைத்தார்கள். முதல் டொக்டர் அன்று சொன்னபடிதான், கால் முழுதாக மடங்கவில்லை. அம்மாவால் நிலத்தில் இருக்க ஏலாது, சம்மணம் கட்ட ஏலாது. ஆனால் கால் நோ போய்விட்டது.

மூன்றாவது கிழமை, நடக்கப் பழக்கும் றேஹா நிலையத்துக்கு அவவைப் பார்க்கப் போனேன். கதவுக்கு வெளியிலேயே ஒரு பெண் உரத்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில் ஜேர்மன் கிழவி என்று நினைத்தேன். உள்ளே போனால் சிரித்தது அம்மா. பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெடியன் தாரா வாத்து மாதிரி நடப்பதை, ஊன்றுகோலோடு அந்தக் கிழவிக்கு நடந்து காட்டிக்கொண்டிருந்தா. பத்துச் சொல் ஜேர்மனை வைத்துக்கொண்டு பகிடி விடுகிறா. கிழவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறா. என்னைக் கண்டதும், "வா வா, இதைப் பார்" என்று திரும்பவும் நடந்தா. என்னிடம் ஒரு தோடம்பழத்தை உரித்துத் தந்து, நான் மெலிந்துவிட்டேன் என்றா. படிப்பைப் பற்றிக் கேட்டா. நான் சொல்லும்வரை பொறுத்திருந்து கேட்டா.

அந்தப் பகிடிக்காரியை நான் அதற்கு முன் கண்டதேயில்லை. கதிரையில் இருந்து தோடம்பழத்தைத் தின்றேன். அன்றாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு சந்தோஷமாக இருந்த அவவிடம் சொல்ல வாய் வரவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்னும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதில், கால் நோ காலில்தான் இருக்கும் என்று நினைத்தேன். அது ஏறி வந்து ஒருத்தியின் குரலில் இருக்கும், கையில் இருக்கும், பிள்ளையைப் பார்க்கும் பார்வையில் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்று ஓம் என்று சொல்லி, இந்த அம்மாவை எட்டு வருஷத்துக்கு நான்தான் வரவிடாமல் செய்தேன். பிறகு, அம்மாவுக்கு என்மேல் விருப்பமில்லை என்று அழுதவளும் நான்தான்.