பாண் ஆட்டோவும் என் சீனி வருத்தமும்

கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பாண் ஆட்டோவில் ஏறியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை தேயிலைச் செடிகளைக் கட்டையாக வெட்டிவிடும் வேலை செய்து வந்தேன். சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றிக் குனிந்து வெட்ட வேண்டும். மத்தியானத்துக்குள் சட்டை நனைந்துவிடும். ஹட்டனில் பேக்கரி வைத்திருந்த ஒருவர் தன் ஆட்டோவுக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றேன். பின்பக்கம் பாணும் பணிஸும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, கூரையில் ஒலிபெருக்கி, நாள் முழுக்க ஒரே பாட்டு. காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. மூன்று தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போக வேண்டும். உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதுதான் அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பெட்டியில் நசுங்கியதும் உடைந்ததும் எனக்கு. பெரும்பாலும் அது கிம்புலா பணிஸாக இருக்கும். முதலை மாதிரி நீண்ட பன் அது, முதுகெல்லாம் சீனி தூவியிருக்கும். வளைவுகளில் பெட்டி ஆடும், ஆடினால் ஏதாவது ஒன்று நசுங்கும். சில நாட்களில் நானே வேண்டுமென்று வேகமாக வளைத்திருக்கிறேன். பிறகு தாகத்துக்கு ஒரு போத்தல் சோடா. வீட்டுக்குப் போனால் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும். என் மனைவியும் அதே ரொட்டியைத்தான் தின்றாள், அதே தேத்தண்ணியைத்தான் குடித்தாள். ஆனால் அவள் கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு மலை ஏறி இறங்குபவள். நான் ஏறிய மலையெல்லாம் ஆட்டோ ஏறியது.

இரண்டாவது வருடத்தில் பழைய கால்சட்டை ஒன்றும் இடுப்பில் ஏறவில்லை. லயத்தில் பார்த்தவர்கள் நல்லா சதை பிடித்திருக்கிறேன், முகத்தில் களை வந்திருக்கிறது என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கவ்வாத்து வெட்டியவன் முகத்தில் எவரும் களையைப் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் அந்த நிலைகொள்ளாமை ஆரம்பித்தது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. தாகம் அடங்கட்டும் என்று இன்னொரு சோடா குடிப்பேன், அது தாகத்தைக் கூட்டும். லயத்துக்கும் லயத்துக்கும் நடுவே ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தேயிலைக்குள் ஓடுவேன். உட்கார்ந்தால் பாதம் எரிந்தது, எழுந்தால் கண் மங்கியது. சும்மா இருந்த மனைவி மேல் எரிந்து விழுந்தேன். பாட்டு சத்தம் மண்டைக்குள் குடைந்தது. அதை நிறுத்தினாலோ சனங்கள் வெளியே வர மாட்டார்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் இரத்தம் பார்க்க வந்தார்கள். மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். விரலில் குத்திய தாதி கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இன்னொரு விரலைக் கேட்டார். இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டேன் என்று சிங்களத்தில் விசாரித்தார். சொன்னேன். எதையோ எழுதித் தந்து, டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகச் சொன்னார்.

அங்கே இருந்த டாக்டரம்மா, எனக்கு வந்திருப்பது சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய் என்று தமிழில் பொறுமையாகச் சொன்னார். சீனியை விடணும், சோடாவைத் தொடவே கூடாது, பாணையும் பணிஸையும் குறைக்கணும், தினமும் நடக்கணும், மாத்திரையை ஒரு நாளும் மறக்கக் கூடாது என்றார். காலையிலிருந்து மலை மலையாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நான் சொன்னேன்.

“சுத்துறது நீங்களா, ஆட்டோவா?” என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை. நான் மாத்திரை வாங்கும் வரிசைக்குப் போனேன்.

மறுநாள் பெட்டியைத் திறந்ததும் சூடான மா வாசம் முகத்தில் அடித்தது. அன்று முழுக்க என் முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நான்காம் நாள் ஒரு வளைவில் நிறுத்தி, நசுங்காத ஒன்றை எடுத்துத் தின்றேன். தின்று முடித்ததும் என்மீதே ஆத்திரம் வந்தது.

நடையும் சரிவரவில்லை. எங்கள் மலையில் எல்லோரும் நடப்பார்கள், ஆனால் வேலையாகத்தான் நடப்பார்கள். வெறுங்கையோடு ஒரு ஆள் போனால் மாட்டைத் தொலைத்தவனாக இருக்க வேண்டும். நான் நடக்கப் போன முதல் நாளே ஆட்டோ கெட்டுப்போச்சா என்று நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாவது ஆள் கேட்பதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதக் கிளினிக்கில், மேல் லயத்து அக்கா வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவர். முழங்கால் வலியால் மலைக்குப் போவதை விட்டுவிட்டு அந்த வேலைக்கு வந்தவர். பின்னேரம் தவறாமல் என்னிடம் இரண்டு கிம்புலா பணிஸ் வாங்குவார். இடது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். லயத்தில் சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் வழக்கமான இடத்தில் நின்று கையைக் காட்டினார். நிறுத்தினேன். எப்போதும்போல் இரண்டு கேட்டார். பெட்டியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

“அக்கா, நேத்துதானே கிளினிக்குல பாத்துக்கிட்டோம்” என்றேன்.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தம்பி, நான் ஒங்ககிட்ட கேட்டது பணிஸு. புத்தி கேக்கல.”

இரண்டையும் சுற்றிக் கொடுத்தேன். நானே வளைவில் நிறுத்தித் தின்கிறவன், வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் அன்றிலிருந்து யாருக்கு எதைக் கொடுத்தாலும் கண் அவர்கள் காலுக்குப் போனது. கால் வீங்கியவர்கள், மூச்சு வாங்கிக்கொண்டு வருபவர்கள், பணிஸோடு வளரும் பிள்ளைகள். பேக்கரிக்காரரிடம், சீனி தூவியதைக் குறைத்து அவித்த கடலை ஏதும் ஏற்றலாமா என்று கேட்டுப் பார்த்தேன். முதலில் காலியாவதே அதுதான், அதைக் குறைத்தால் ஆட்டோ எதற்கு என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த வேலையை விட்டால் நான் மறுபடியும் கத்தியைத் தேட வேண்டும். விடவும் மனம் வரவில்லை, ஓட்டவும் மனம் ஒப்பவில்லை.

அக்கா பிறகு என்னிடம் வாங்கவில்லை. பாட்டு கேட்டால் பிள்ளைக்காம்பரா கதவை ஒருக்களித்துச் சாத்திவிடுவார். கடைக்கு ஆள் அனுப்பி வாங்குவதாகக் கேள்விப்பட்டேன்.

என் நடைக்கு வழி சொன்னது மனைவிதான். காலைச் சுற்று முடிந்து பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை போனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பேன். ஒரு நாள் வேலைக்குப் புறப்படும்போது சொன்னாள்.

“மத்தியானக் கொழுந்த நீங்க வந்து தூக்கிட்டுப் போங்க. தலையில சாக்கு இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அவள் சொன்னது சரியாக இருந்தது. மலை உச்சியிலிருந்து கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை, அவள் சாக்கோடு அவளுடைய கூட்டாளி சாக்கையும் சேர்த்துத் தூக்கினேன். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். கங்காணி சிரித்தார். பெண்கள் மனைவியைக் கிண்டல் செய்தார்கள், அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தேத்தண்ணியில் சீனி பாதியானது, பிறகு இல்லாமல் போனது. சோடாவை விட்டேன். பணிஸை மட்டும் முழுதாக விட்டேன் என்று சொன்னால் பொய். ஆனாலும் மாத்திரையும் நடையுமாகக் கண் தெளிந்தது, தாகம் அடங்கியது, தேயிலைக்குள் ஓடுவது நின்றது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, இப்படியே இருங்க என்றார். இப்படியே இருப்பது எவ்வளவு பாடு என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அக்காவின் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. காயம் ஆறவே இல்லையாம். அன்று மேல் லயத்தில் பாட்டைப் போடாமல் போனேன். பாட்டு இல்லாமலும் சனங்கள் வந்து வாங்கினார்கள். முதலில் தீர்ந்தது கிம்புலா பணிஸ்தான். அன்றே பேக்கரியில் சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பேக்கரி வாசல் வரை போய், மறுநாளுக்கான கணக்கைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இன்றைக்கும் ஓட்டுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா மறுபடியும் பாதையோரம் நின்றார். ஒரு காலில் செருப்பு, மறு காலில் கனத்த துணிச் சப்பாத்து. நிறுத்தி இறங்கினேன். வீட்டில் மகன் வந்திருப்பதாகவும் ஒரு றாத்தல் பாண் போதும் என்றும் சொன்னார். பெட்டியைத் திறந்து பாணை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை. பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் சீனி மினுங்கியது. நானும் அதையேதான் பார்த்தேன். காலையிலிருந்து ஒன்றும் தின்னாத என் வயிறு இரைந்தது.

“மூடுங்க தம்பி” என்றார் அக்கா.

கண்ணாடியை இழுத்து மூடினேன். அவர் பாணை மார்போடு அணைத்துக்கொண்டு, காலைப் பார்த்துப் பார்த்து வைத்துப் படி ஏறினார். அவர் வீட்டுக்குள் போகும் வரை நின்றுவிட்டு, அடுத்த லயத்துக்கு ஆட்டோவைக் கிளப்பினேன்.