மாப்பிள்ளையை விசாரிக்கப் போனவன்

உளவாளி நாவல்களில் எனக்குப் பிடித்தவன் துப்பாக்கிக்காரன் இல்லை. சிரிப்பே இல்லாமல், யாரையும் நம்பாமல், ஏதோ ஓர் ஓட்டலில் தனியாக ஆறின காப்பியைக் குடிப்பானே, அவன்தான். சோகமாக இருப்பவனுக்கு அந்த உலகத்தில் ஒரு மரியாதை உண்டு. எங்கள் பெரியகுளத்தில் கிடையாது. மனைவி என்னை விட்டுப் போன பிறகு அந்தக் கதைகளைப் படித்தால்தான் என் மூஞ்சியும் கொஞ்சம் கம்பீரமாகத் தெரிந்தது.

அக்கா மகளுக்குத் தேவாரத்தில் ஒரு வரன் அமைந்தது. எங்கள் பக்கம், சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பதற்கு முன்னால் ஒருத்தர் மாப்பிள்ளை ஊருக்குப் போய், இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் விசாரித்து வர வேண்டும். குடி, தொடுப்பு எல்லாம் டீக்கடையில்தான் வெளிவரும்.

"ஏலே, உனக்குத்தான் யாரு மேலயும் நம்பிக்கை வராதுல்ல, ஞாயித்துக்கெழம நீயே போ. அவசரப்படாம நாலு எடத்துல கேளு" என்றாள் அக்கா.

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. தாய்மாமன் போகாமல் வேறு யார் போவது?

தேவாரத்தில் இறங்கி, தேங்காய் வியாபாரி என்று சொல்லிக்கொண்டேன். சலூன்காரர், தங்கமான பையன் என்றார். மருந்துக்கடையிலும் அதே தங்கம். எனக்கு எங்கேயோ இடித்தது. ஓர் ஊரே ஒருத்தனை நல்லவன் என்று சொல்லுமா? சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்களா? டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரில் பக்கமே திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். அவரையும் நோட்டம் விட்டேன். பாவம், கண்ணாடியோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

டீக்கடைக்காரரிடம் பையன் வீட்டைச் சொல்லி, "அவுக தோப்புத் தேங்காயப் பாக்கணும்" என்றேன்.

"இன்னைக்கு அங்கன யாரு இருக்கா? காலையிலயே கார் பிடிச்சுப் பெரியகுளத்துக்குப் பொண்ணு பாக்கப் போயிட்டாகளே."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். "இன்னைக்கா?"

"ஆமா. நல்ல எடந்தான். தாய்மாமன் மட்டும் ஒரு மாதிரியாம். பொண்டாட்டி போயிட்டாளாம், பொழுதன்னைக்கும் புஸ்தகமும் கையுமா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருப்பாராம். இவுக தயங்குனாக. அவரு அன்னைக்கு வீட்லயே இருக்க மாட்டாருன்னு பொண்ணோட ஆத்தாவே போன்ல சொல்லிட்டாகளாம்."

ஊரையே சந்தேகப்பட்டேன், கூடப் பிறந்தவளைச் சந்தேகப்படவில்லை. குடிகாரன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்தமும் இன்றைக்கே முறிந்துவிடும். சொல்லிவிடலாம் என்றுதான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

அங்கே டம்ளர் சத்தம், பத்துப் பேர் சிரிப்பு. நடுவில் எங்கள் பிள்ளையின் சிரிப்பும் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"என்னலே, விசாரிச்சியா?"

"நல்ல பையன்க்கா. பேசி முடிச்சிரு."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

"சாப்ட்டியாலே? சாப்ட்டுட்டு மெதுவா வா. அவசரமில்ல."

"சரிக்கா" என்றேன். ஊருக்குத் திரும்ப நான் ஏற வேண்டிய தேனி பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை.