மழை பெய்யும்வரை கிட்டார் இல்லை

உரக்கடை ஜேம்ஸ்ராஜ் மொட்டைமாடியில் கிட்டாரை எடுத்தால், கூடிவந்த மேகம் கலைந்துவிடுகிறதாம். கோவில்பட்டி முதல் நாகலாபுரம் வரை புரட்டாசி முழுக்க இதுதான் பேச்சு. உண்மையா என்று விசாரித்தால், ஒருவர் மேகம் கலைந்ததைப் பார்த்திருக்கிறார், கிட்டாரைப் பார்க்கவில்லை. இன்னொருவர் கிட்டாரைக் கேட்டிருக்கிறார், அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டையும் ஒருசேரப் பார்த்த ஒரே சாட்சி நாகலாபுரத்து நவநீதகிருஷ்ணன். மழையை நம்பிப் புழுதியிலேயே எட்டு ஏக்கர் மக்காச்சோளம் விதைத்துவிட்டு, விதையை எறும்பு தின்கிறதா என்று தினமும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் கண்ணுக்கு யார்தான் குற்றவாளியாகத் தெரிய மாட்டார்கள்?

ஜேம்ஸ்ராஜுக்கு நாற்பத்தேழு வயது. பாண்டியராஜன் உரக்கடையில் பத்தொன்பது வருஷமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவர். சர்ச் சபையில் கிட்டார் வாசிக்கும் பிரின்ஸ்டன் வேலை கிடைத்து டிசம்பருக்கு முன் பெங்களூர் போகிறான் என்றதும், “இந்த வருஷம் கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு நான் வாசிக்கேன்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னது பிப்ரவரியில். கிட்டார் வாங்கியது அதற்கு அடுத்த வாரம்.

மகள் ஜெபிஷா ப்ளஸ் டூ படிப்பதால் வீட்டுக்குள் வாசிக்க மனைவி ஜீனா தடை போட்டாள். ஆகவே மொட்டைமாடி. முதல் மூன்று மாதம் விரல் நுனியெல்லாம் புண். அப்புறம் காய்த்துத் தோல் தடித்தது. அந்தக் காய்ப்பைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீட்டிக் காட்டினார். எல்லாம் வந்தது, எஃப் கார்டைத் தவிர. ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே ஆறு கம்பியையும் அமுக்கிச் சுரம் சேர்க்க வேண்டிய கார்டு அது. ஜேம்ஸ்ராஜ் அமுக்கினால் தகரத்தில் கல் விழுந்த சத்தம்தான் வரும். அவர் பழகிய கேரல் பாட்டிலோ வரிக்கு ஒரு எஃப். ஆகஸ்ட் கடைசியில் பத்துக்கு இரண்டு தடவை சுத்தமாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் வதந்தி கிளம்பியது.

பொய் என்று நிரூபித்துவிடலாமென்று இறங்கியதுதான் அவர் செய்த தப்பு. தினமும் எத்தனை நிமிஷம் வாசித்தோம் என்று எழுதிவைக்க, கற்றுக்கொடுத்த பிரின்ஸ்டன் சொல்லியிருந்தான்; அதற்கொரு நோட்டு இருந்தது. உரக்கடைக் காலண்டரில் மழை பெய்த நாளை வட்டமிடுவது வழக்கம். நவநீதகிருஷ்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டையும் ஒப்பிட்டார். இரண்டு மாதத்தில் மழை பெய்தது மூன்று நாள். ஒரு நாள் இவர் ஓட்டப்பிடாரத்தில் கல்யாண வீட்டில் இருந்தார். ஒரு நாள் காய்ச்சல். ஒரு நாள் கம்பி அறுந்துபோயிருந்தது.

நவநீதகிருஷ்ணன் நோட்டை மூடி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“அந்த ரெண்டு மாசமும் நீரு டீயுந்தான குடிச்சீரு அண்ணாச்சி, அதையும் நிப்பாட்டிப் பாரும்” என்றார் ஜேம்ஸ்ராஜ்.

“டீ ஊரே குடிச்சது. கிட்டாரு வாசிச்சது நீங்க ஒராளுதான.”

 நாலு விவசாயச் சம்சாரிகள் எதிர்க்கடைக்குப் போய் யூரியா வாங்கியதும், முதலாளி பாண்டியராஜன் சுற்றிவளைத்து ஏதோ சொல்லிப் பார்த்தார். ஜேம்ஸ்ராஜ் மசியவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் சண்முகராஜ் வேறு, மருந்து தோய்த்த குச்சி காயவேண்டும், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள் என்று ஆளனுப்பியிருந்தார். வாசிக்கச் சொல்லி ஜேம்ஸ்ராஜைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். அவருக்கும் பாட்டு வேண்டாம், வெயில் போதும்.

கடைசியில் ஜேம்ஸ்ராஜைச் சாய்த்தது நவநீதகிருஷ்ணனின் ஒரு வாக்கு. “மழை மட்டும் பெய்யட்டும் அண்ணாச்சி. நானே மாடிக்கு வந்து ஒக்காந்து ஒரு பாட்டு முழுசாக் கேக்கேன்.”

ஏழு மாதத்தில் யாரும் அவருடைய ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை. பிரின்ஸ்டன்கூட இரண்டாவது சரணத்தில் போன் வந்ததுபோல எழுந்துவிடுவான். ஜேம்ஸ்ராஜ் கிட்டாரைப் போர்வையில் சுற்றிப் பீரோ மேல் வைத்தார்.

மழை இருபத்தாறு நாள் கழித்துத்தான் வந்தது. ஐப்பசியில் எப்போதும் வருவதுபோல, கிட்டாரே இல்லாத ஊர்களிலும் சேர்த்துப் பெய்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. போர்வையைப் பிரித்தபோது விரல் நுனிக் காய்ப்பு வெங்காயத் தோல்போல உரிந்துகிடந்தது. எஃப் கார்டு மறுபடியும் தகரம். “வாசிக்காத மனுசனுக்குக் கை நோவுதாம்” என்றாள் ஜீனா, தேங்காய் எண்ணெயை நீட்டியபடி.

நவநீதகிருஷ்ணன் வரவில்லை. முளைத்த பயிருக்கு இரண்டாவது மழை வேண்டுமாம். பிறகு கதிர் பிடிக்க ஒன்று. அந்த நாட்களில் ஜேம்ஸ்ராஜ் சன்னலைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பழகினார். சத்தமில்லாமல் வாசித்தால் எஃப் கார்டு அருமையாக வந்தது. டிசம்பரில் கேரலுக்குக் கீபோர்டு வைத்துக்கொண்டார்கள். ஜேம்ஸ்ராஜ் வீடுவீடாகக் காணிக்கை டப்பா தூக்கினார். அதைக் குலுக்கும்போது தாளம் தப்பவில்லை என்று ஜெபிஷா பாராட்டினாள்.

தை பிறந்து மக்காச்சோளம் களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது, காலமில்லாத காலத்தில் கிழக்கே கருத்தது. நவநீதகிருஷ்ணனின் பைக் கடைவாசலில் வந்து நின்றது. இறங்கக்கூட இல்லை.

“அண்ணாச்சி, இன்னைக்குச் சாயங்காலம் கொஞ்சம் வாசிங்க.”

ஜேம்ஸ்ராஜ் கல்லாவைவிட்டு வாசலுக்கு வந்தார். “கேக்க வருதீரா?”

“கேக்கதுக்கு எங்க நேரம்? தார்ப்பாய் மூடணும்லா. நீங்க வாசிங்க, பெறவு வாரேன்.”

அன்று மாலை மொட்டைமாடியில் ஜேம்ஸ்ராஜ் அந்தப் பாட்டை நாலு தடவை வாசித்தார். மழை பெய்யவில்லை. மேகம் தானாகப் போனதா, எஃப் கார்டுக்குப் பயந்து போனதா என்று அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. இடது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி காலியாகவே இருந்தது.

மக்காச்சோளம் விற்றாகிவிட்டது. நவநீதகிருஷ்ணன் இப்போதும் கடைக்கு வருகிறார், உரம் வாங்குகிறார், உடனுக்குடன் பணம் கொடுக்கிறார். பாக்கி என்று எதுவும் வைப்பவரில்லை, அந்த ஒரு பாட்டைத் தவிர.