பயந்த சர்க்கரை

செக்கர் என்றால் எங்கள் தெருவில் ஒருவர்தான். ஓடும் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது அவர் வேலை. வேலையின் பெயரே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அவர் மனைவிகூட வெளியாட்களிடம் "செக்கர் இன்னும் வரல" என்றுதான் சொல்வாள். அவரை நேர்மையானவர் என்று பலரும் சொல்கிறார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டேன். பிறரைச் சந்தேகிப்பதில் சலிப்பே அடையாதவர் என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். அதுவும் ஒரு வகை உழைப்புதான்.

அவர் வேலை செய்யும் விதம் தனி. பஸ்ஸில் ஏறியதும் யாரிடமும் டிக்கெட் கேட்க மாட்டார். முதலில் பின்வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். ஜன்னலுக்கு வெளியே ஏதோ கட்டடத்தை ரசிப்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். ஓரக்கண் மட்டும் வேலை செய்யும். யார் முகம் வெளுக்கிறதோ, யார் கை சட்டைப் பையைத் தடவுகிறதோ, நேராக அங்கே போய்க் கையை நீட்டுவார். பயந்தவன் தப்புச் செய்தவன். இதுதான் அவருடைய தத்துவம். எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. புத்தகம் படித்தவர்கள் இதைவிட உறுதியாக எதையாவது நம்புகிறார்களா என்பதும் எனக்குச் சந்தேகமே.

அந்த வீட்டுப் பூனைக்குத் துரை என்று பெயர். மகள் கல்யாணமாகிப் போகும்போது சீரில் சேர்க்காமல் விட்டுவிட்டுப் போன ஒரே சொத்து. நாற்காலியில் துரை படுத்திருந்தால் மனிதர்கள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். அப்படிப்பட்ட துரை திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அதன் மணல் தட்டு எப்போது பார்த்தாலும் குளமாக இருந்தது. தின்பதெல்லாம் எங்கே போகிறதோ, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கால்நடை டாக்டர் பரிசோதித்துவிட்டு, சர்க்கரை வியாதி என்றார். காலையும் மாலையும் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு யூனிட் இன்சுலின் போட வேண்டும். அதற்கு முன் காது ஓரத்தில் மெல்லக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து, மீட்டரில் என்ன எண் வருகிறது என்று பார்க்க வேண்டும். அளவை நீங்களாக மாற்றக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

செக்கரின் மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் இருக்கிறாள். கை சுத்தம், நிதானம், துணியைக் கருக்காத விரல்கள். இந்த வேலை அவளிடம்தான் போயிருக்க வேண்டும். ஆனால் பரிசோதனை என்று வந்துவிட்டால் இன்னொருவரை நம்புவது செக்கரின் குணத்தில் இல்லை. மீட்டரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

துரையைப் பரிசோதிக்கும்போதும் அவர் தன் தொழிலையே செய்தார். முதலில் சமையலறைக் கதவைச் சாத்துவார். பிறகு படுக்கையறைக் கதவு. பிறகு சுவரில் தொங்கும் காலண்டரை ரசித்தபடி பக்கவாட்டில் நகர்ந்து வந்து, சட்டென்று துரையின் மேல் கையை வைப்பார். எண் முந்நூற்றைத் தாண்டியது. மறுநாளும் தாண்டியது. டாக்டர் சொன்ன அளவுப்படி ஊசி போட்டும் இறங்கவில்லை. செக்கருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறார்கள்.

துரைக்குத் திருட்டுத்தனமாகத் தின்னக் கொடுப்பது யார் என்று வீட்டில் விசாரணை தொடங்கியது. பிஸ்கட் டப்பா பீரோவுக்குள் போனது. மனைவியின் கைப்பை சோதனைக்கு உள்ளானது. கூடவே இருந்த மைத்துனன், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நிறுத்தப்பட்டான். செக்கர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, நான் சீசன் பாஸ்," என்றான் மைத்துனன்.

"பையைக் காட்டு."

"அக்கா, உன் வீட்டுக்காரர் என் பேன்ட் பையில பால் இருக்கான்னு பாக்கறாரு. கொஞ்சம் வந்து சொல்லு."

பையில் பிஸ்கட் தூள் இருந்தது. அவன் தின்றதுதான். ஆனால் அன்றிலிருந்து மாமாவும் மைத்துனனும் பேச்சை நிறுத்தினார்கள். கீழ்வீட்டு டீச்சரிடமும் போய், எங்கள் பூனைக்கு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று சாட்சி விசாரித்திருக்கிறார். அந்த அம்மாள் இப்போது துரையைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

கொடுத்தவர் கடைசிவரை அகப்படவில்லை. தின்றவன் கையில் இருந்தான். எனவே செக்கர் துரைக்கே அபராதம் விதித்தார். எண் கூடிய ஒவ்வொரு நாளும் ஒரு யூனிட் கூடுதல். இதை அவர் கோபத்தில் செய்யவில்லை. விதிப்படி செய்வதாக முழு மனதோடு நம்பினார். கோபத்தில் செய்கிறவனையாவது தடுத்து நிறுத்தலாம்.

ஒரு மாலை ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்துத் துரை நாற்காலியிலிருந்து இறங்கியது. நடக்கவில்லை, குடித்தவனைப்போல் தள்ளாடியது. பின்னங்கால்கள் தனித்தனியே வேறெங்கோ போகப் பார்த்தன. தரையில் சாய்ந்தது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மனைவி கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, தேனை விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினாள், மறுபடி தடவினாள். செக்கர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரைப் போய்க் கேட்பது என்று அவருக்கு முதல் தடவையாகத் தெரியவில்லை.

துரைக்கு டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். அது தலையைத் தூக்கிய பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினார்.

"அளவை யாரு ஏத்துனது?"

"நான்தான்," என்றார் செக்கர்.

"ஏன்?"

"தப்பு பண்ணுச்சு."

டாக்டர் மேஜை மேல் ஒரு தலையணையை வைத்து, இதுதான் துரை என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் எப்படி டெஸ்ட் செய்கிறீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்றார். செக்கருக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சுவரிலிருந்த தடுப்பூசிப் படத்தை ரசித்தார். பக்கவாட்டில் நகர்ந்தார். மூலையில் நின்ற நர்ஸின் கை தானாகத் தன் சட்டைப் பைக்குப் போனது.

"போதும் சார். எனக்கே வேர்க்குது," என்றார் டாக்டர். "அது சாப்பிட்ட சர்க்கரை இல்ல. பயந்த சர்க்கரை. பூனை மிரண்டா, ஓடறதுக்காக உடம்பு இருக்கற சர்க்கரைய எல்லாம் ரத்தத்துல கொட்டிடும். நீங்க இத்தனை நாளா அளந்தது அதோட சர்க்கரைய இல்ல, உங்கள."

நாளைக் காலை ஒரே ஒரு யூனிட் போடச் சொன்னார். அதன்பின் மாலைவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை, துரை மிரளாமல், எண் எடுத்துச் சொல்ல வேண்டும். எண் பொய்யாக இருந்தால் தன்னால் அளவு சொல்ல முடியாது, குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த தடவை தேனுக்கு வேலை இருக்காது என்றார்.

மறுநாள் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மைத்துனன், கூப்பிட்டால் கடையைச் சாத்திவிட்டு வந்திருப்பான். பையைத் தடவிய கை எப்படிப் போய்க் கூப்பிடும்? செக்கர் தானே விடுப்புப் போட்டார். காலை ஊசியை மனைவி போட்டுவிட்டுக் கிளம்பினாள். செக்கர் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்தார். காக்கிச் சட்டையைத் தவிர்த்து, பூப்போட்ட சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டார். சாதாரணமாக இருக்க வேண்டும் என்று சிரித்துக்கூடப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் துரை பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

அவர் தரையில் படுத்துக் கையை உள்ளே நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நெளிந்தார். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. முன்னும் போக முடியவில்லை, எழவும் முடியவில்லை. வலித்த பக்கத்தை மெல்லத் திருப்பி மல்லாந்து படுத்தார். அதன்பின் அவரால் எதையும் பிடிக்க முடியாது, எதையும் அடைக்க முடியாது. கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இந்தத் தடவை ரசிப்பதுபோல் நடிக்கவில்லை. பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

துரை வெளியே வந்தது. அவர் காதை முகர்ந்தது. பிறகு, நாற்காலி ஒன்று கீழே விழுந்து கிடப்பதாகவே எடுத்துக்கொண்டதுபோல, நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. செக்கர் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். உள்ளங்கைச் சூட்டில் அதன் காதைச் சற்று நேரம் வைத்திருந்து, தடவிப் பார்த்தே குத்தினார். துரை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எண் நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தது.

அவர் அதை நம்பவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார், ஏறக்குறைய அதேதான். அந்த இடைவெளியில் அவருக்கு என்னென்ன ஞாபகம் வந்தது என்று பிற்பாடு என்னிடம் கொஞ்சம்தான் சொன்னார். முகம் வெளுத்ததாலேயே நடு பஸ்ஸில் எழுப்பி நிறுத்தி, பை பையாகக் கவிழ்க்கச் சொன்ன ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். டிக்கெட் அவர் கையிலேயே கசங்கி இருந்ததாம். அன்றைக்கு அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தாராம். இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மனைவி மாலையில் வந்தபோது கதவுகள் திறந்து கிடந்தன, கணவர் தரையில் கிடந்தார். அவள் அலறப் போனாள். செக்கர் ஒரு விரலைத் தூக்கி அடக்கினார். எல்லா எண்களையும் படுத்தபடியே டாக்டருக்குப் போனில் சொல்லியாகிவிட்டது, ஒரு யூனிட்டே போதும் என்று சொல்லிவிட்டார் என்று கிசுகிசுத்தார்.

"அப்ப எழுந்திரிங்க. ஏன் இப்படிக் கெடக்கறீங்க?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"ஐயோ, காலைலேர்ந்தா?"

"மத்தியானமே விட்டுடுச்சு," என்றார் செக்கர்.

அவள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து அவர் நெஞ்சின் மேலேயே துரைக்கு முன்னால் வைத்தாள். தின்று முடித்ததும் சிரிஞ்சில் ஒரு யூனிட் எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் பாருங்க," என்றாள்.

செக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.